கழுத்து வரை ஐம்பத்தொன்பது

ஒரு சொட்டுகூடத் திருடு போகவில்லை. முன்பு இருந்ததைவிட அதிகமாக இருக்கிறது. அதுதான் புகார்.

"இந்த மாதிரி ஒரு திருடன் நம்ம தெருப் பக்கம் வர மாட்டேங்கிறானே, சார்ஜென்ட்," என்றான் கெவ் டூலன். "என் கார்ல பெட்ரோல் டேங்குக்கு மூடியே கிடையாது. வந்து ஊத்திட்டுப் போகட்டும்."

லியோனி ஸோபெல் திரும்பிப் பார்க்கவில்லை. வைட்லிங் குடும்பத்தின் நிலவறையில், மர அடுக்கின் முன் மண்டியிட்டு, ஒரு பாட்டிலின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் கெவ் அவரை சார்ஜென்ட் என்றுதான் கூப்பிடுவான். அவன் அவருக்கு வண்டி ஓட்டுவான், கதவு தட்டுவான், கூடாத இடத்தில் வாய் திறப்பான். மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது.

"சிரிக்கிற விஷயமில்ல இது," என்றார் கான்ராட் வைட்லிங். பரோசா பள்ளத்தாக்கில் வைட்லிங் குடும்பம் ஷிராஸ் திராட்சை பயிரிட ஆரம்பித்து ஏழு தலைமுறை ஆகிறது. கான்ராட் ஏழாவது. அதை அவர் சொல்ல மறந்தாலும் பரவாயில்லை, சட்டைப் பைக்கு மேலே நூலில் தைத்து வைத்திருந்தார். "போதகர் மேடு ஐம்பத்தொன்பது. உலகத்துலயே இன்னும் மூணு பாட்டில்தான் இருக்கு. மூணும் இந்த அடுக்குலதான்."

போதகர் மேடு என்பது இவர்களுடைய பழைய தோட்டம். வேறு எந்தத் தோட்டத்துப் பழமும் கலக்காமல் அந்த ஒரே சரிவின் ஷிராஸை மட்டும் பிழிந்து அடைத்த ஒயின் அது. அதிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருடத்து ஒயினுக்கு இருக்கிற பெயர் பள்ளத்தாக்கில் வேறெதற்கும் கிடையாது. அதைக் குடித்தவர்கள் அநேகமாக எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது அந்தப் பெயருக்கு ரொம்ப வசதி.

கான்ராட் தன் போனை நீட்டினார். போன குளிர்காலத்தில் இன்ஷூரன்ஸுக்காக எடுத்த படம். அதில் நடுப் பாட்டிலின் ஒயின் தோளுக்குக் கீழே நின்றது. இப்போது அதே பாட்டிலில் கழுத்து வரை நிறைந்திருந்தது.

இதில் என்ன தப்பு என்று கெவ்வுக்கும் முதலில் புரியவில்லை. ஆனால் இருபது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் இருக்க முடியாது. கார்க் என்பது மரப்பட்டை. எவ்வளவு இறுக்கி அடித்தாலும் அது மெல்ல மெல்ல மூச்சு விடும். அந்த மூச்சோடு ஒயினும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இளம் பாட்டிலில் மட்டம் கழுத்தில் நிற்கும். வயதாக வயதாகத் தோளுக்கு இறங்கும். கார்க் கெட்டால் தோளையும் தாண்டி இறங்கும். வழுக்கை விழுந்த தலையின் முடி மாதிரி, குறைவது உண்டு, கூடுவது கிடையாது.

"திங்கக்கிழம சிட்னிக்காரங்க பாட்டில எல்லாம் சரி பார்க்க வந்தாங்க," என்றார் கான்ராட். "படத்தையும் பாட்டிலையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, 'உங்க ஒயின் குட்டி போடுமா?'ன்னு கேக்குறாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

"சட்டப்பையில வெச்சுக்கலாமே. அங்கதான் பேர் இருக்கு," என்றான் கெவ்.

"கெவ்," என்றார் லியோனி. அது எச்சரிக்கை.

சிட்னிக் கம்பெனி ஒன்று போதகர் மேட்டை விலை பேசிக்கொண்டிருந்தது. இன்று மூன்று மணிக்கு அவர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் இந்த நடுப் பாட்டிலைத் திறப்பதாக ஏற்பாடு.

"யார் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் கான்ராட். "என் தம்பி பொண்டாட்டி இங்கா. ஒயின் செய்யறது அவதான். சாவி அவகிட்ட இருக்கு. கார்க் அடிக்கிற மெஷினும் அவ கையில. நல்ல ஒயின எடுத்து வித்துட்டு, எதையோ ஊத்தி வெச்சிருக்கா. நீங்க ஆதாரம் மட்டும் தேடிக் கொடுங்க. மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் அவள வேலையவிட்டு அனுப்பறேன்."

லியோனி எழுந்தார். "கெவ், உன் மூக்கக் கொஞ்சம் கொண்டா."

பாட்டிலின் வாயில் கார்க்குக்கு மேலே மெழுகு ஊற்றி மூடியிருந்தது. பக்கத்துப் பாட்டில்களின் மெழுகு கறுத்து, வெடித்து, பூசணம் பிடித்திருந்தது. இதன் மெழுகு கறுப்பாக இருந்தும் வழுவழுப்பாக இருந்தது. கெவ் மோந்து பார்த்தான்.

"சதகுப்பை," என்றான்.

"என்னது?"

"சதகுப்பைச் செடி. ஊறுகாய் வெள்ளரில போடுவாங்களே, அது. என் மாமியார் வீட்டு வாசல்ல அடிக்கிற வாசனை. பயந்து ஒரு அடி பின்னாடி வெச்சேன் பாருங்க, அதான் அடையாளம்."

"இங்காவும் வெள்ளரிக்காய் திங்கறவதான்," என்றார் கான்ராட் உடனே.

"இந்த மாசத்துல இந்தப் பள்ளத்தாக்குல சதகுப்பை வாசனை அடிக்காத ஒரே இடம் எங்க கத்தோலிக்க சர்ச்தான்," என்றான் கெவ். "அதுவும் போன வாரத்துலேர்ந்து சந்தேகமா இருக்கு."

நிலவறையில் மின்விளக்கு உண்டு. கான்ராட் போட விடமாட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் விருந்தாளிகள் சரித்திரத்தை உணர்வார்களாம். கெவ் இதுவரை உணர்ந்தது தலையில் இடித்த உத்தரத்தை. வெளியே போகும் வழியில் சுவரில் ஒரு புதுச் சட்டம் மாட்டியிருந்தது. கெவ் மெழுகுவர்த்தியை அதன் பக்கம் கொண்டுபோனான்.

"'பழைய குதிரைச் சேணம். மழையில் நனைந்த ஜெபப் புத்தகம். மன்னிக்கப்பட்ட பாவத்தின் மெல்லிய கசப்பு.' இது என்ன, யாரோட ஜாதகம்?"

"அது ஜூலியன் ஆஸ்ட்லியோட மதிப்புரை," என்றார் கான்ராட். குரல் தானாகவே ஒரு படி மேலே ஏறியது. "சிட்னிக்காரங்களோட சுவை நிபுணர். போன ஞாயித்துக்கிழம இதே இடத்துல, கார்க்கத் திறக்காம, மெல்லிசா ஒரு ஊசிய உள்ள விட்டு ஒரு மடக்கு எடுத்துச் சுவைச்சார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு."

"எந்தப் பாட்டில்லேர்ந்து?" என்றார் லியோனி.

"இதே நடுப் பாட்டில்தான்."

லியோனி தலையை ஆட்டிக்கொண்டு படியேறினார். அந்தத் தலையாட்டலை கெவ்வுக்குத் தெரியும். அதற்கு அர்த்தம், பதில் கையில் இருக்கிறது, ஆனால் உனக்கு இப்போது சொல்ல மாட்டேன்.

*

இங்கா வைட்லிங் கொட்டகையில் ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கீழே சிமெண்டுத் தொட்டியில் திராட்சை நொதித்துக்கொண்டிருந்தது. நொதிக்கும்போது தோல்கள் எல்லாம் மேலே வந்து தடித்த போர்வை மாதிரி மிதக்கும். அதை அப்படியே விட்டால் காய்ந்து புளித்துவிடும். அதனால் நீளக் கழியால் அதை அமுக்கி அமுக்கிச் சாற்றுக்குள் மூழ்கடிக்க வேண்டும். அவள் கை முழங்கை வரை ஊதா.

"நான் திருடின்னு சொல்லிட்டானா?" என்றாள், கழியை நிறுத்தாமல்.

"சொல்லிட்டார். ஆதாரம் மட்டும்தான் இல்லையாம்," என்றான் கெவ்.

"அது அவனுக்குப் பெரிய குறையில்ல." இங்கா கழியை ஓங்கி அமுக்கினாள். "என் புருஷன் சாகும்போது உயில்ல ஒண்ணு எழுதிட்டுப் போனார். நான் இங்க ஒயின் செய்யற வரைக்கும் போதகர் மேட்ட விக்கக் கூடாது. நானா போனாலோ, தப்பு செஞ்சு என்னை நீக்கினாலோ விக்கலாம். நானா போவேனா? அதான் தப்பு தேடறான்."

"வித்தா என்ன ஆகும்?" என்றார் லியோனி.

"சிட்னிக்காரங்களுக்குக் கம்பி கட்டி, அதுல கொடியப் படரவிட்டு, மெஷின் விட்டுப் பறிக்கணும். அந்தச் செடி எல்லாம் கம்பியே தெரியாதது. ஒவ்வொண்ணும் தன் கால்ல தானா நின்ன மரம். அடிய ரெண்டு கையால கட்டிப் பிடிச்சாலும் பிடிக்குள்ள அடங்காது. கம்பி கட்ட முடியாதுன்னா என்ன செய்வாங்க? பிடுங்கிடுவாங்க. வீடு போனா போகுது. வருஷா வருஷம் நான் கத்திரி போட்ட செடிங்க."

அவள் குரல் உடையவில்லை. கழிதான் தொட்டியின் விளிம்பில் மோதியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார் லியோனி. "அந்தப் பாட்டில நீ போலியா நிரப்பியிருந்தா எது வரைக்கும் நிரப்பியிருப்ப?"

இங்கா அவரை முட்டாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "தோளுக்குக் கீழ வரைக்கும்தான். படத்துல எங்க இருந்ததோ அங்க. கழுத்து வரைக்கும் யாராவது ஊத்துவாங்களா? அது போலி செய்யறவன் கை இல்ல. அது வேற எதையோ நிரப்பிப் பழகின கை."

"அதேதான்," என்றார் லியோனி. "வா, கெவ். இன்னிக்கு ஊர்ல ஷோ. வெள்ளரிக்காய் சாப்பிடப் போலாம்."

"சார்ஜென்ட், நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

*

வருடாந்தர ஷோ என்கிற ஊர்க் கண்காட்சியின் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க வெள்ளரி ஜாடிகள். வெளியே ஊர்ப் பித்தளை வாத்தியக் குழு ஒரு பாட்டை முடிக்காமலே அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மேசையில் திராட்சைச் சாற்றில் ஜவ்வரிசி வேகவைத்த சிவப்புக் கூழ். அடுத்ததில் புகையிட்ட சாசேஜ். ஆனால் கூட்டம் நின்றது வெள்ளரியின் முன்னால்தான்.

இங்கே வெள்ளரி ஊறுகாய் விளையாட்டில்லை. இளம் வெள்ளரிக்காயை உப்புத் தண்ணீரில் போட்டு, சதகுப்பைப் பூங்கொத்து வைத்து, மேலே திராட்சை இலை மூடி, நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். இலையில் இருக்கிற துவர்ப்பு காயை நொறுநொறுப்பாகவே வைத்திருக்கும். இதில் ஒரே ஒரு எதிரி உண்டு, காற்று. ஜாடியில் ஒரு விரல் அளவு காற்று விட்டாலும் மேலே வெள்ளைப் பூசணம் படரும், மொத்தமும் போச்சு. அதனால் எந்த வீட்டிலும் ஜாடியை...

கெவ் நின்றான். சுவர் முழுவதும் பார்த்தான். ஒவ்வொரு ஜாடியிலும் தண்ணீர் கழுத்து வரை, மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"சார்ஜென்ட்."

"இப்பதான் எட்டுச்சா?" என்றார் லியோனி. "கை ஒரு தடவ பழகிடுச்சுன்னா, பாட்டிலக் கொடுத்தாலும் அதேதான் செய்யும்."

"இங்க நூறு கை இருக்கே! எத எங்கேன்னு தேடறது?"

"வைட்லிங் வீட்டு நிலவறைக்குள்ள போய் வரக்கூடிய கை எத்தன?"

முதல் பரிசின் நீல ரிப்பன் நடு ஜாடியில் தொங்கியது. அதன் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, தேவாலயக் கோபுரம் மாதிரி நின்றவர் லிடியா வைட்லிங். கான்ராடின் அப்பாவுடைய தங்கை. சனிக்கிழமைதோறும் நிலவறையைக் கூட்டிப் பெருக்குவது அவர்தான். அதை வேறு யாரும் சரியாகச் செய்வதில்லை என்பது அவருடைய கட்சி.

கொஞ்சம் தள்ளி, இரண்டாம் பரிசோடு நின்றவர் ஹெர்மினா. போன இரண்டு வருடமும் முதல் பரிசு அவருக்கு. இவர் மேலத் தெரு லூத்தரன் சபை, லிடியா கீழத் தெரு. இரண்டு சபைகளும் ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒன்றாகிவிட்டன. வெள்ளரிக்காய்கள் இன்னும் ஆகவில்லை.

"தண்ணியப் பாரேன்," என்றார் ஹெர்மினா, லிடியாவுக்குக் கேட்கும்படி. "எல்லார் ஜாடிலயும் பச்சையா இருக்கு. இதுல மட்டும் பழுப்பு. என்னத்தக் கலந்தாளோ!"

லியோனி போட்டி நடுவரின் மேசையிலிருந்து வெட்டி வைத்த ஒரு துண்டை எடுத்து கெவ் கையில் கொடுத்தார். இருபது வருடமாக வெள்ளரி ஊறுகாயை வெறுத்து, அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்த கெவ், கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். கண்ணைத் திறந்தான். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.

"புளிப்பு அப்படியே உள்ள போய்... ஆழமா..." என்றான். "சார்ஜென்ட், எனக்கு ஜெபப் புத்தகம் தெரியுது."

லியோனி லிடியாவிடம் போனார். "வாழ்த்துகள், லிடியா அத்தை. வெள்ளரி நல்லாருக்கு."

"சண்டே ஸ்கூல்ல நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தப்ப உன்கிட்ட ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு, லியோனி. நேரா பேசுவ."

"நேராவே பேசறேன். ஹெர்மினா அத்தை சொல்றாங்க, நீங்க கடை வினிகர் சேர்த்திருக்கீங்களாம்."

ஹெர்மினா அப்படிச் சொல்லவேயில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்த மாதிரி உடனே, "ஆமா, கடை வினிகர்தான்!" என்றார். இந்தப் போட்டியில் ஒரே விதி: எல்லாம் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். கடைச் சரக்கு என்று தெரிந்தால் ரிப்பன் போய்விடும்.

லிடியாவின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது.

"கடை வினிகரா? ஏன்டி, என் வீட்டு ஜாடிலயா? போதகர் மேட்டு ஐம்பத்தொன்பதுடி அது!"

கூடத்தில் எல்லாத் தலைகளும் நீல ரிப்பன் பக்கம் திரும்பின. வெளியே வாத்தியக் குழு மட்டும் தப்பான சுருதியில் போய்க்கொண்டிருந்தது.

லியோனி அவரை மெல்ல ஒரு ஓரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே லிடியா எல்லாவற்றையும் சொன்னார், வெட்கம் ஏதுமில்லாமல், கொஞ்சம் அலுப்போடு. கோடைத் தொடக்கத்தில் நிலவறையைப் பெருக்கும்போது நடுப் பாட்டிலின் கார்க் கசிந்து, மெழுகு ஈரமாக இருந்தது. மோந்தால் வினிகர். திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தால், அசல் வினிகர். அவ்வளவு அருமையான வினிகரை அவர் வாழ்க்கையில் சுவைத்ததில்லை.

"கொட்டச் சொல்றியா? நல்லதக் கொட்டற வழக்கம் எங்க வீட்ல கிடையாது. வெள்ளரிக்கு எடுத்துக்கிட்டேன். காலிப் பாட்டிலும் வைக்க முடியாதே, வீட்டுக்குக் கேவலம். மூலைல இங்கா செஞ்ச ஒயின் சும்மா கிடந்துச்சு. கான்ராட் 'இது நம்ம ஸ்டைல் இல்ல'ன்னு பேர் ஒட்ட விடாம ஒதுக்கி வெச்சானே, அதே மேட்டுத் திராட்சை. ரெண்டு பாட்டில் திறந்து, ஒண்ண ஊத்தி, மிச்ச இடத்த ரெண்டாவதுலேர்ந்து நிரப்பினேன். கார்க் அடிச்சேன். ஊறுகாய் ஜாடி மூடற மெழுக உருக்கி, கரி கலந்து மூடினேன்."

"ரெண்டாவதுல மிச்சம் இருந்திருக்குமே?" என்றான் கெவ்.

"இருந்துச்சு. என்ன செய்வாங்க? குடிச்சேன்." லிடியா ஒரு கணம் யோசித்தார். "நல்லா இருந்துச்சு."

"அதுக்காக இங்காவ இன்னிக்கு மூணு மணிக்கு வேலையவிட்டு அனுப்பறார் கான்ராட்," என்றார் லியோனி. "திருட்டுப் பட்டத்தோட. அப்புறம் மேடு விலைக்குப் போயிடும்."

லிடியாவுக்கு அது தெரியாது. தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் நீல ரிப்பன் ஜாடியைக் கையில் எடுத்தார்.

"அதக் கொண்டுபோகக் கூடாது, அத்தை, அது காட்சிக்கு வெச்சது," என்று யாரோ குறுக்கிட்டார்கள்.

"காட்சி வேற இடத்துக்கு மாறிடுச்சு," என்றார் லிடியா. "டேய் கத்தோலிக்கா, வண்டிய எடு."

*

அவர்கள் நிலவறைக்கு வந்தபோது கான்ராட் பேச ஆரம்பித்துவிட்டிருந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிட்னிக் கம்பெனியின் தலைவி ஹேல், கறுப்புக் கோட்டில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜூலியன் ஆஸ்ட்லி. கழுத்தில் பட்டுத் துணி, மூக்கு கொஞ்சம் மேலே, சளி பிடித்தவர் மாதிரி. ஓரமாக இங்கா, கையில் இன்னும் ஊதா காயாமல்.

"வருத்தத்தோட சொல்றேன்," என்றார் கான்ராட். வருத்தம் எங்கேயும் காணோம். "இந்தப் பாட்டில் மாத்தப்பட்டிருக்கு. இதுல இருக்கிறது ஐம்பத்தொன்பது இல்ல. மாத்தினது என் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிற ஒருத்தர். அவங்களை இந்த நிமிஷமே..."

"ஒரு நிமிஷம், அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்," என்றார் லியோனி, படியிறங்கிக்கொண்டே. "மிஸ்டர் ஆஸ்ட்லி, சுவத்துல மாட்டியிருக்கிறத எங்களுக்காகக் கொஞ்சம் படிக்கிறீங்களா?"

ஆஸ்ட்லியைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. தொண்டையைச் செருமினார். சேணம் வந்தது, ஜெபப் புத்தகம் நனைந்தது, பாவம் மன்னிக்கப்பட்டது. கடைசி வரியில் குரல் தழுதழுத்தது: "'இதைச் செய்தவரின் கை கடவுளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.'"

"அழகு," என்றார் லியோனி. "எப்ப சுவைச்சீங்க?"

"போன ஞாயிறு."

"இதே பாட்டில்லேர்ந்து."

"இதே பாட்டில்லேர்ந்துதான்."

"கான்ராட், பாட்டில் எப்ப மாறுச்சு?"

"எப்பவோ... அதுக்கு முன்னாடி..." கான்ராட் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

கெவ்வுக்கு அந்தக் காட்சி வாழ்நாள் முழுவதும் போதும். கான்ராட் தானே தோண்டிய குழியில் நின்று சுற்றிலும் பார்ப்பது தெரிந்தது. பாட்டில் மாறவில்லை என்றால் இங்கா திருடி இல்லை, நீக்க முடியாது, மேட்டை விற்க முடியாது. மாறியது என்றால், உலகப் புகழ் பெற்ற நாக்கு அழுதுகொண்டே கடவுளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது வேறு யாரோ செய்த ஒயினை.

"மாறுச்சு," என்றார் லியோனி. "அத நான் மறைக்கப் போறதில்ல. இதுல இருக்கிறத ஐம்பத்தொன்பதுன்னு யாரும் விக்கவும் கூடாது. கோடைலயே மாறிடுச்சு. மாத்தினவங்க மேல படியில நிக்கறாங்க, அவங்களே சொல்வாங்க. மாத்தி ஊத்தின ஒயின செஞ்சது இங்கா. நீங்க பேர் வைக்க விடாத ஒயின்."

இங்கா நிமிர்ந்தாள். "என்னோடதா?"

"அப்போ நான்..." என்றார் ஆஸ்ட்லி. "அது... அறுபது வருஷம்..."

"எட்டு," என்றாள் இங்கா.

"விளக்கப் போடுங்க," என்றாள் ஹேல்.

"மேடம், இந்த வெளிச்சம்தான் நம்ம பாரம்பரிய..."

"விளக்கப் போடுங்கன்னேன்."

கெவ் போட்டான். மஞ்சள் பல்பு இரண்டு தடவை மினுக்கி எரிந்தது. லியோனி மெழுகை உடைத்தார். கார்க் சத்தமில்லாமல் வந்தது. ஹேல் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைச் சுவரின் முன்னால் சாய்த்துப் பிடித்தாள். அறுபது வயதான ஷிராஸின் விளிம்பு செங்கல் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். இதன் விளிம்பு கத்தரிப்பூ நிறம். மெழுகுவர்த்திக்கு அது தெரியாது. பல்புக்குத் தெரிந்தது. கண் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்ட்லி தன் பட்டுத் துணியைச் சரி செய்தார். ரொம்ப நேரம் சரி செய்தார்.

ஹேல் குடித்தாள். சேணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை மறுபடி நீட்டினாள். "அந்த மேட்டுச் செடிலேர்ந்தா இது?"

"கம்பி கட்டாத செடிலேர்ந்து," என்றாள் இங்கா.

"கம்பி கட்டணும்னு எங்க ஆஃபீஸ்ல ஒரு மடையன் ப்ளான் போட்டிருக்கான். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்." ஹேல் கான்ராட் பக்கம் திரும்பினாள். "தோட்டம் வாங்கற பேச்சு முடிஞ்சது. ஒயின் வாங்கற பேச்சு இருந்தா, இனிமே இவங்ககிட்ட பேசறேன். யாரையோ நீக்கறதா சொன்னீங்களே, யாரு அது?"

எல்லோரும் கான்ராடைப் பார்த்தார்கள். ஏழு தலைமுறையும் சட்டைப் பையிலிருந்து அவரைப் பார்த்தது.

"யாரையும் இல்ல," என்றார் கான்ராட். "இங்கா... இங்கதான் இருப்பா."

"பேர் வைக்கலாமா?" என்றாள் இங்கா.

"எதுக்கு?"

"என் ஒயினுக்கு."

கான்ராட் தலையாட்டினார். அது ஆமா மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. இங்கா கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்தும் ஊதா போகவில்லை. முதல் தடவையாக அன்று அவள் சிரித்தாள்.

கான்ராட் அடுக்கின் பக்கம் திரும்பினார். அதில் மீதி இருந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்ததும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "எப்படி ஆனாலும்," என்றார், "அசல் ஐம்பத்தொன்பது இன்னும் ரெண்டு இருக்கு. தாத்தா கையால அடைச்சது. யாரும் தொடாதது."

படியில் கனத்த காலணிச் சத்தம் கேட்டது. லிடியா அத்தை, நீல ரிப்பன் ஜாடியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அடுக்கின் முன்னால் நின்று, ஒவ்வொரு பாட்டிலாகக் குனிந்து மோந்தார். திருப்தியோடு நிமிர்ந்தார்.

"தொடவும் கூடாது," என்றார். "ரெண்டும் அருமையா வினிகராயிட்டு வருது. ஒண்ணு அடுத்த வருஷம் ஷோவுக்கு, இன்னொண்ணு அதுக்கு அடுத்த வருஷத்துக்கு."